உறைந்த ஏரியின் முன்: பைக்காலா, பாங்காங்கா?

குளிர்காலத்தில் உறைந்த ஏரியொன்றின் முன் அமைதியாக நிற்க விரும்புவோருக்குச் சைபீரியாவின் பைக்காலும் லடாக்கின் பாங்காங்கும் இருவேறு அனுபவங்களைத் தருகின்றன. 1,642 மீட்டர் ஆழமுள்ள நன்னீர் ஏரியான பைக்கால், கோடையின் வெப்பத்தைத் தன் பெருந்திரளில் தேக்கி வைத்திருப்பதால் ஜனவரி வாக்கில்தான் முழுமையாக உறைகிறது; காற்று பனித்தூளைத் துடைத்துச் சென்ற இடங்களில், அடியிலிருந்து எழுந்த மீத்தேன் குமிழிகள் வெண்ணிறத் தட்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டிருப்பதைக் குனிந்து பார்க்கலாம். வெப்பநிலை மாறும்போது அந்தப் பனிக்கட்டி விரிசல் விட்டு எழுப்பும் முழக்கம் காலடிவரை அதிர்கிறது. பாங்காங்கோ 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், உப்புநீராக இருந்தும் உறைந்துவிடுகிறது. அங்கே நான்கு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும். மலைகளின் மௌனம் மட்டுமே போதும் என்பவர்களுக்குப் பாங்காங் ஏற்றது. ஏரியையே உற்றுக் கவனிக்க வேண்டுமென்றால், நான் தயக்கமின்றிப் பைக்காலையே தேர்ந்தெடுப்பேன்.