மவுன்ட் ஆகிறது, எழுதத்தான் விடமாட்டேன் என்கிறது: நெட்வொர்க் ஃபோல்டர் பர்மிஷன் அனுபவங்கள்

லினக்ஸில் நெட்வொர்க் ஃபோல்டர்களை வருடக்கணக்கில் மவுன்ட் செய்து (சர்வரின் ஃபோல்டரை நம் கணினியில் இணைத்து) பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும், படிப்பதில் தகராறு அபூர்வம், எழுதப்போகும்போதுதான் இடிக்கும். பலரும் உடனே ஓடுவது சிமோட் 777-க்கு, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் கட்டளைக்கு. சிஐஎஃப்எஸ் (விண்டோஸ் பாணி ஷேர்களை இணைக்கும் முறை) மவுன்ட்டில் அது பெரும்பாலும் எதையும் மாற்றாது. சர்வரில் போய்ப் போட்டால் யார் வேண்டுமானாலும் எதையும் அழிக்கலாம் என்றாகிவிடும். தடுப்பது நம் கணினியா, சர்வரா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

வரும் பிழைச் செய்தியை நிதானமாகப் படியுங்கள். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் ஓனர், குரூப் எதையும் தொட வேண்டாம். மவுன்ட்டோ, என்எஃப்எஸ் (லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் வழக்கமான பகிர்வு முறை) சர்வரின் எக்ஸ்போர்ட்டோ 'ஆர்ஓ' (படிக்க மட்டும்) என்று இருக்கிறது. நம் கணினிப் பக்கம் உள்ளதை ஃபைண்ட்மவுன்ட் கட்டளை காட்டும். 'பர்மிஷன் டினைட்' என்றால்தான் கீழே சொல்பவை.

சாம்பா (லினக்ஸ் சர்வரில் விண்டோஸ் பாணி ஷேர் தரும் மென்பொருள்) அல்லது விண்டோஸ் ஷேர் என்றால் 'எல்எஸ் -எல்என்' கொடுத்துப் பாருங்கள். ஓனர், குரூப் இரண்டும் 0 (நிர்வாகியான ரூட்டின் எண்), மோட் 755 (ஓனர் மட்டும் எழுதலாம்) என்று தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ரூட் மவுன்ட் செய்யும்போது யூஐடி (யூசரின் எண்) சொல்லாவிட்டால் எல்லா ஃபைலும் ரூட்டுடையதாகவே காட்டப்படும். சாதாரண யூசரை நம் கணினியின் கர்னலே நிறுத்திவிடுகிறது, கோரிக்கை சர்வர் வரை போவதே இல்லை. எஃப்எஸ்டேப் (மவுன்ட் விவரங்கள் உள்ள ஃபைல்) வரியில் யூஐடி=1000, ஜிஐடி (குரூப்பின் எண்)=1000, ஃபைல்_மோட்=0664, டிர்_மோட்=0775 சேர்த்து, அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்யுங்கள். 1000 என்பதற்குப் பதில் 'ஐடி' கட்டளை காட்டும் உங்கள் எண்ணைப் போடவும்.

சூடோ போட்டு (ரூட் உரிமையோடு) ஒரு ஃபைலை 'டச்' செய்து (காலியாக உருவாக்கி) பார்ப்பது நல்ல சோதனை. சூடோவில் எழுத முடிந்தால் தடை இந்தப் பக்கம். அப்போதும் முடியாவிட்டால் சர்வரில் தேட வேண்டும். சாம்பா செட்டிங்கில் 'ரீட் ஒன்லி' பற்றி எதுவும் சொல்லாவிட்டால் 'எஸ்' (ஆம்) என்றே எடுத்துக்கொள்ளப்படும். 'வேலிட் யூசர்ஸ்' பட்டியலில் பெயர் இருப்பது உள்ளே வர மட்டும்தான் உதவும். இதோடு அந்த யூசருக்கு சர்வரின் ஃபோல்டரிலும் எழுத உரிமை வேண்டும். விண்டோஸிலும் இதே கதை. ஷேரிங் டேபில் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தாலும் செக்யூரிட்டி டேபில் ரீட் மட்டும் இருந்தால் எழுத முடியாது. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

புது ஃபைல் உருவாகிறது, ஆனால் ஒருவர் போட்டதை இன்னொருவர் திருத்த முடியவில்லை என்றால் சாம்பாவின் 'கிரியேட் மாஸ்க்'கைப் பாருங்கள். இயல்பு மதிப்பு 0744, குரூப்புக்கு எழுதும் உரிமையை அது வெட்டிவிடும். அதை 0664 என்றும் 'டைரக்டரி மாஸ்க்'கை 0775 என்றும் மாற்றி, 'ஃபோர்ஸ் குரூப்' (எல்லோரையும் ஒரே குரூப்பாக நடத்துவது) சேர்த்தால் சரியாகும். ஏற்கெனவே உள்ள ஃபைல்களுக்கு இது பொருந்தாது. அவற்றை சர்வரில் தனியாக மாற்ற வேண்டும்.

என்எஃப்எஸ் வேறு ரகம். யூசரை அடையாளம் காணும் வழக்கமான 'சிஸ்' முறையில் பெயருக்கு மதிப்பில்லை, எண்தான் கணக்கு. இரண்டு கணினியிலும் ஒரே யூசர் பெயர் இருந்தாலும் ஒன்றில் 1000, மற்றதில் 1001 என்றால் சர்வருக்கு அவர்கள் வெவ்வேறு ஆட்கள். மேலே சொன்ன சூடோ சோதனை இங்கே ஏமாற்றும். 'ரூட்_ஸ்குவாஷ்' இயல்பாகவே இயங்குவதால் ரூட்டை சர்வர் 'நோபடி'யாக, அதாவது 65534 ஆக மாற்றிவிடும். அதை நீக்கிவிட்டு வேலை பார்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். யூஐடியை ஒன்றாக்குவதே சரியான வழி. ஒரு யூசர் 16-க்கு மேல் குரூப்களில் இருந்தால் மீதி குரூப்கள் சர்வருக்குப் போய்ச் சேராது. அதற்கு சர்வரின் மவுன்ட்டிடீயில் (மவுன்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் சேவையில்) 'மேனேஜ்-ஜிஐடிஸ்' தேவை.

எழுத முடியாததைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, தவறான இடத்தில் எழுதிவிடுவது. சர்வர் எழாமல் மவுன்ட் தோற்றால் அந்த ஃபோல்டர் வெறும் உள்ளூர் ஃபோல்டராக நிற்கும். ரூட்டாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அதிலேயே எழுதி, உள்ளூர் டிஸ்க்கை நிரப்பிவிடும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் 'மவுன்ட்பாயின்ட் -க்யூ' சோதனை வையுங்கள். அன்மவுன்ட் நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சிஹெச்அட்டர் +ஐ' (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) கொடுத்துவிட்டால், எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டங்களில் ரூட்டாலும் அதில் எழுத முடியாது; அதன் மேல் மவுன்ட் மட்டும் வழக்கம்போல் நடக்கும்.