லயத்தைக் காலி செய்தபின் எந்த வீடு: பிபிஆரா, ருமா மெஸ்ராவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வேலை போனால் வீடும் போகும். 60 வயதில் ஓய்வு பெறுபவர் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்து (வரிசை) வீட்டின் சாவியையும் தோட்ட ஆபிசில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அடுத்து எங்கே போவது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பெயர்கள் இரண்டு: மக்கள் வீடமைப்புத் திட்டமாகிய பிபிஆர், அரசின் வீடமைப்பு நிறுவனமான எஸ்பிஎன்பி கட்டித் தரும் ருமா மெஸ்ரா ராக்யாட்.

மத்திய அரசின் பிபிஆர் வீடு சுமார் 700 சதுர அடி. மூன்று படுக்கையறைகள் கொண்டது. வாடகை மாதம் 124 ரிங்கிட். விற்பனைக்கு விடப்படும் இடங்களில் தீபகற்ப விலை 35,000 ரிங்கிட். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய இருபத்து மூன்றரை ஆண்டு வாடகை வீட்டு விலைக்குச் சமமாகிறது. வாங்குபவருக்கோ வங்கி வட்டி, பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி ஆகியவையும் சேரும். எனவே 60 வயதில் குடியேறுபவருக்கு வாடகையே கட்டுப்படியாகும் என்பது என் கருத்து. நாற்பது வயதுக்காரர் வாடகை கட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாது.

ருமா மெஸ்ரா இதைவிட நல்ல வீடு என்பதில் சந்தேகமில்லை. அது தரைவீடு, வாசல் உண்டு, கறிவேப்பிலை நட இடமுண்டு, செலவில் ஒரு பகுதியை அரசு மானியமாக ஏற்றுக்கொள்கிறது, மீதியை மாதத் தவணையில் கட்டலாம். ஆனால் நிலம் விண்ணப்பதாரருடையதாகவோ, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் பெற்றதாகவோ இருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தும், தாம் கீரைப் பாத்தி போட்ட மண்ணுக்குக்கூட உரிமை இல்லாத குடும்பத்திடம் கெரானை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, காட்டச் சொல்வது கசப்பான வேடிக்கைதான். நிலம் உள்ளவர்களுக்கும் சிக்கல் தீர்வதில்லை. பிஸ்கட் டின்னிலிருந்து எடுக்கும் பழுப்பேறிய கெரானில் காலஞ்சென்ற தாத்தாவின் பெயர் ஓர் எழுத்துக்கூட்டலிலும், அவருடைய மரணச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். அந்த இருவரும் ஒருவரே என்று நிறுவி, வாரிசுகள் எல்லோரும் ஒப்பி, பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் வீட்டு விண்ணப்பத்தைப் பற்றியே பேச முடியும்.

வருமான வரம்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிபிஆருக்குக் குடும்ப வருமானம் 3,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. விண்ணப்பதாரர் 18 வயது நிரம்பிய குடிமகனாக இருப்பதுடன், 35 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அவருக்கோ துணைவருக்கோ வீடு இருக்கக் கூடாது. ருமா மெஸ்ராவுக்கு வருமான வரம்பு 5,000 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததால், கணவனும் மனைவியும் அந்தச் சம்பளத்தையே வாங்கினாலும் கூட்டுத்தொகை 3,400 ஆகிவிடுகிறது. நாட்டின் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் இருவர் ஏழைகளுக்கான வீட்டுக்குத் தகுதி இழக்கிறார்கள். மகனும் அதே சம்பளத்தில் வேலைக்குப் போய், அதுவும் கணக்கில் சேர்ந்தால் 5,100. ருமா மெஸ்ராவின் வரம்பும் நூறு ரிங்கிட்டில் தாண்டப்படுகிறது. ஓய்வு பெற்றதும் வருமானம் குறைந்து தகுதி திரும்பும், ஆனால் அந்த வயதில் வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது.

முன்பணத்துக்கு ஊழியர் சேமநிதியை நம்புபவர்கள் 2024 மே மாத மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். அதுவரை சந்தாவில் 30 விழுக்காடு, வீட்டுக்காக எடுக்க முடிந்த இரண்டாம் கணக்குக்குப் போனது. இப்போது வீட்டுக்காக எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்குக்குப் போவது 15 விழுக்காடு.

ஆகவே கெரான் கையில் உள்ள குடும்பம் ருமா மெஸ்ராவையே நாடலாம். ஆனால் பெயர் மாற்ற வேலையை ஓய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே நில அலுவலகத்தில் தொடங்கிவிட வேண்டும். நிலமில்லாத, இருவரும் உழைக்கும் இளம் குடும்பம், இருவரில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் காலம் வந்தால் அப்போதே பிபிஆர் விற்பனை வீட்டுக்கு மனுச் செய்வது நல்லது. நிலமும் இல்லாமல், வயதும் கடந்து, சாவியைக் கொடுக்கும் நாளும் நெருங்கிவிட்டவருக்கு 124 வெள்ளி வாடகை வீடுதான் வழி. அதற்கும் காலியான வீடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், மனுவைக் கடைசிச் சம்பளத்துக்காகத் தள்ளிப்போடக் கூடாது.