வெனிலாவை விடாத புரதம்: ஓர் ஐஸ்கிரீம் மதிப்புரை

கொழுப்பு குறைவு, புரதம் மிகுதி என்று உறையில் பெரிய எழுத்தில் போட்டு விற்கப்படும் ஒரு ஐஸ்கிரீமில் வெனிலா, ஏலக்காய் என இரண்டு டப்பாக்களை வாங்கி, பத்து நாள்களாகச் சுவைத்து வருகிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்த கொழுப்பு வகையில் அது 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் குறையை ஈடுகட்ட இதில் கேசினேட், வே என்ற இரண்டு பால் புரதங்களைச் சேர்த்திருக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

வெனிலா டப்பாவைத் திறந்ததும் கரும்புள்ளிகள் கண்ணில் படுகின்றன. மூக்குக்கு எட்டுவதோ காய்ச்சிய பாலின் வாடைதான். சற்று இளகவிட்டுச் சாப்பிட்டாலும் மணம் எழவில்லை. மேலண்ணத்தில் மாவு படிந்தாற்போன்ற உணர்வே மிஞ்சியது. எசன்ஸில் கஞ்சத்தனம் செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தாராளமாக ஊற்றியிருந்தாலும் இப்படி ஆகக்கூடும். வெனிலாவின் மணத்துக்கு முதன்மைக் காரணமான வெனிலின், ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. பால் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ தொகுதியோடு வினைபுரிந்து அது ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டிய வெனிலின் ஆவியாகி மூக்கை எட்டாது. போதாக்குறைக்கு, வே புரதத்தில் மிகுதியாக உள்ள பீட்டா லாக்டோகுளோபுலினில், நீரை விரும்பாத மண மூலக்கூறுகள் நுழைந்து தங்குவதற்கேற்ற குழிவும் உண்டு.

ஏலக்காயின் கதை வேறு. அதன் மணத்துக்குக் காரணமான சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் ஆல்டிஹைடுகள் அல்ல என்பதால் புரதம் அவற்றை அவ்வாறு பிணைப்பதில்லை. ஆனால் இரண்டுமே கொழுப்பில் எளிதாகக் கரைபவை. போதிய கொழுப்பு இருந்தால் தன்னுள் வாங்கி வைத்து மெல்ல மெல்ல விடும். இங்கே அது இல்லாததால் முதல் வாயிலேயே நீலகிரித் தைலத்தை நினைவூட்டும் நெடி குப்பென்று ஏறி, விழுங்குவதற்குள் அடங்கிவிடுகிறது. (நீலகிரித் தைலத்தின் முதன்மைக் கூறும் இதே சினியோல்தான்.) ஒரு தேக்கரண்டி பாலாடையைக் கலந்து பார்த்தேன், நெடி தணிந்து மணம் நிதானமாக நின்றது. பாலாடை கலப்பதற்கு எதற்காக இதை வாங்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை.

வெனிலாவைக் கூடுதலாகச் சேர்ப்பதோ புரதத்தின் வகையையும் அளவையும் மாற்றிப் பார்ப்பதோ தயாரிப்பாளரின் வேலை. அதுவரை வாங்கியே தீர வேண்டுமென்றால் ஏலக்காயை வாங்கலாம். எங்கள் வெனிலா டப்பா பாதி காலியான நிலையில் பிரீசரின் மூலையில் கிடக்கிறது.