ஊர்ப் பயணத்தில் கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுத்த அனுபவம்

இம்முறை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, என் டிஎஸ்எல்ஆர் கேமராவையும் லென்ஸ்களையும் தூசு நீக்கக் கொடுத்தேன். அதற்காக அணுகிய இரண்டு இடங்களின் வேலைமுறையில் இருந்த வேறுபாடு மிகப் பெரியது. கேமராவுடன் ஊருக்கு வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் இடத்தில் இருந்தவர் லென்ஸை வாங்கியதும் வாயால் ஊதி, மேசையில் கிடந்த துணியை எடுத்துத் துடைக்கப் போனார். உடனே திரும்பப் பெற்றுக்கொண்டேன். தூசியில் மணல்துகள்களும் கலந்திருக்கும். அவை நீங்குமுன் துணியை அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியின் மேற்பூச்சில் கீறல் விழும். வாயால் ஊதினாலோ எச்சில் துளிகள் தெறித்துக் கறையாகிவிடும். படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரைச் சுத்தம் செய்ய அவர் எடுத்துக் காட்டிய அழுத்தக் காற்றுக் குப்பியும் ஆபத்தானதே: அதைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் கடுங்குளிருடன் பீய்ச்சியடித்து, நீக்க முடியாத கறையை உண்டாக்கக்கூடும்.

இரண்டாம் இடத்தில் இருந்த பெரியவர் கேமராவைத் திறப்பதற்கு முன்பே, "தம்பி, முதலில் ஒரு படம் எடுத்துப் பார்ப்போம்" என்றார். லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 22 என்ற சிறிய அளவுக்குக் குறைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரைப் படமெடுத்தார். திரையில் பெரிதாக்கியபோது கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. அப்பர்ச்சர் அகலமாகத் திறந்திருக்கையில் இதே தூசு மங்கிப் பரவிவிடுவதால், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. படத்தின் மேற்பகுதியில் தெரியும் புள்ளி, கேமராவின் முன்னிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும் என்றும், இடமும் வலமும் மாறுவதில்லை என்றும் அவர் விளக்கினார். தூசு படிவது சென்சாரின் மேல் நேரடியாக அல்ல, அதன் முன்னுள்ள வடிகட்டிக் கண்ணாடியின் மேல்தான். ஆனால் அதில் கீறல் விழுந்தாலும் செலவு பெரிதாகிவிடும்.

பேட்டரி முழுமையாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, சுத்தம் செய்வதற்கான மெனுவில், சென்சாரை மறைத்து நிற்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தினார். பாதி வேலையில் மின்சாரம் தீர்ந்தால் அந்தக் கண்ணாடியும், சென்சாரின் முன்னுள்ள திரையான ஷட்டரும் மூடிக்கொண்டு, உள்ளிருக்கும் கருவியில் மோதிவிடும். லென்ஸைப் பொருத்தும் கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் புளோயரின் நுனி உள்ளே நுழையாதவாறு காற்றடித்தார். மீண்டும் ஒரு படம்; பெரும்பாலான புள்ளிகள் போய்விட்டன. ஒட்டிக்கொண்டிருந்த சிலவற்றுக்கு மட்டும் ஈர ஸ்வாப் (நுனியில் மென்துணி சுற்றிய தட்டையான குச்சி) எடுத்தார். அதன் அகலம் சென்சாரின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்; பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேம் என்றால் 24 மில்லிமீட்டர், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி என்றால் 16 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கிறது. இரண்டொரு சொட்டுத் திரவம், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பு, ஸ்வாப்பைத் திருப்பி மறுபக்கத்தால் ஒரே இழுப்பு, பிறகு அதைக் குப்பையில் போட்டுவிட்டார். ஒரே ஸ்வாப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் கீறலுக்கு வழி என்று எனக்கும் உறுதியாகத் தோன்றுகிறது.

லென்ஸ்களுக்கும் அதே வரிசைதான்: காற்று, மென்மையான பிரஷ், அதற்குப் பிறகே துணி. திரவத்தைக் கண்ணாடியின் மேல் ஊற்றாமல் துணியில் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமிட்டுத் துடைத்தார். ஒரு ஜூம் லென்ஸின் உள்ளே தெரிந்த தூசுக்காக அதைப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டேன்; படத்தில் தெரியாத தூசுக்காகப் பிரித்தால் லென்ஸின் சீரமைவு கெடலாம் என்று மறுத்துவிட்டார். வருமானம் தரும் வேலையைத் தாமாகவே வேண்டாம் என்ற அந்த நேர்மை எனக்கு மிகுந்த மதிப்பைத் தந்தது. பூஞ்சை படிந்திருந்தால் நிலைமை வேறு. அது பரவி மேற்பூச்சையே அரித்துவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிந்த ஒரு துகளையும் அவர் தொடவில்லை. அது படத்தில் வராது, உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சோ எளிதில் கீறிவிடும்.

கேமராவைத் திருப்பித் தருமுன் அதே சுவரை அதே எஃப் 22இல் மீண்டும் எடுத்து, முந்தைய படத்துடன் ஒப்பிட்டுக் காட்டினார். வேறெங்கு கொடுத்தாலும் இந்த இரண்டு படங்களையும் கேட்டுப் பெறுங்கள்; காட்டத் தயங்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். கிளம்பும் வேளையில், லென்ஸின் பின்மூடியையும் கேமராவின் வாய்மூடியையும் வாங்கி அவற்றுக்கும் காற்றடித்துக் கொடுத்தார். மூடியில் தங்கும் தூசு மறுபடி உள்ளேதான் போய்ச் சேரும் என்பதால், பையைத் தட்டும்போது அவற்றையும் சேர்த்தே சுத்தம் செய்யச் சொன்னார்.