அல்சூர்ல இருந்து திருப்பதி நடை: ஊரை விட்டு வெளிய போக எந்தப் பக்கம் தேவலாம்?

பெங்களூர்ல இருந்து திருப்பதி சுமார் 250 கிலோமீட்டர்னதும் எல்லாருக்கும் முள்பாகல் வெயிலும் பலமநேர் பக்கத்து ஏத்த இறக்கமும்தான் பயம், ஆனா புரட்டாசில நாலு தடவை நடந்துட்டேன், என் பிராணனை வாங்கினது என்னவோ ஊருக்குள்ள இருக்கிற அல்சூருக்கும் ஊருக்கு வெளிய கோலார் ரோட்டுல இருக்கிற ஹோஸ்கோட்டேக்கும் நடுவுல இருக்கிற 20 சொச்சம் கிலோமீட்டர்தான். மூணு விதமாவும் போய்ப் பாத்தாச்சு.

மொதல்ல ஓல்ட் மெட்ராஸ் ரோடு. சோமேஸ்வரர் கோயில்ல ஒரு கும்பிடு போட்டுட்டு பையப்பனஹள்ளி, டின் ஃபேக்டரி, கே.ஆர்.புரம், மேடஹள்ளினு வளைவு நெளிவு இல்லாம ஒரே ரோடு, வழி கேக்கவே வேணாம். பிரச்சனை டின் ஃபேக்டரிங்கற ஜங்ஷன்தான். ஹெப்பால் பக்கம் போற ரிங் ரோடு அங்க வந்து சேருது, கோலார் பஸ், திருப்பதி பஸ், சென்னை பஸ் எல்லாம் அங்கயும் கே.ஆர்.புரத்துலயும் நின்னு ஆள் ஏத்துது, மெட்ரோ வேலைக்கு வேற தோண்டிப் போட்டிருந்தாங்க, நடக்கிறவனுக்குன்னு ஒரு அடி எடம் கிடையாது. மொத வருஷம் நாங்க சாவகாசமா பூஜை எல்லாம் முடிச்சு காலைல 6 மணிக்கு கெளம்பினோம், கே.ஆர்.புரம் தொங்கு பாலத்துக்கிட்ட வர்றப்ப எட்டாயிடுச்சு, முந்தின நாள் மழைத்தண்ணி தேங்கி நிக்குது, கீழ பிளாட்பாரக் கல்லு ஒண்ணு இல்லன்னு தெரியாம மச்சான் காலை விட்டுட்டான். மொத நாளே கணுக்கால் வீங்கி, கோலார் வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்தான் பாவம்.

ரெண்டாவது வருஷம் அந்தப் பயத்துலயே ஒயிட்ஃபீல்டு பக்கமா போனோம், மாரத்தஹள்ளி, குந்தலஹள்ளி, ஹோப் ஃபார்ம், காடுகோடி சாய்பாபா ஆசிரமம், அங்கேர்ந்து ஹோஸ்கோட்டே. தூரம் ஒரு 6, 7 கிலோமீட்டர் கூட ஆகும். ஐடி கம்பெனி ஏரியாங்கறதால ராத்திரியிலயும் வெளிச்சம் இருக்கு, கேப் டிரைவருங்களுக்காக டீக்கடை தொறந்திருக்கு, பொம்பளைங்க கூட வந்தா இது பெரிய விஷயம். ஆனா காடுகோடி தாண்டினதும் ரோடு குறுகிடும், கன்டெய்னர் டிப்போ அந்தப் பக்கம்தான், லாரி தோள்ல உரசற மாதிரி போகும். அந்த கடைசி பத்து கிலோமீட்டர்ல கோவிந்தா கோவிந்தானு போட்ட சத்தம் பாதி பக்தி, பாதி பயம்.

மூணாவது, கே.ஆர்.புரம் வரைக்கும் மெட்ரோ. 2023 அக்டோபர்ல பையப்பனஹள்ளி கே.ஆர்.புரம் துண்டு தொறந்ததுல இருந்து இது சுலபம், டின் ஃபேக்டரி தலைவலி மொத்தமா மிச்சம். நடக்கிறேன்னு வேண்டிக்கிட்டு ரயில் ஏறலாமானு எங்க பெரியம்மா ஒரு வாரம் சண்டை போட்டாங்க, சாமிக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம், நான் நடுவுல வரல. எனக்கு இடிச்சது நேரம்தான். மொத வண்டியே காலைல 5 மணி வாக்குல, ஞாயித்துக்கிழமை அதைவிட லேட், எறங்கி நடந்தா ஹோஸ்கோட்டே வர்றப்ப ஒன்பதரை, தார் ரோடு சூடேறிடும். வெறுங்கால்ல நடக்கிறவங்களுக்கு அதுக்கப்புறம் கோலார் வரைக்கும் நரகம்.

அதனால நாலாவது வருஷம் திரும்ப ஓல்ட் மெட்ராஸ் ரோடுதான், ஆனா ராத்திரி ஒன்றரைக்கு கெளம்பினோம். மூன்றரைக்குள்ள டின் ஃபேக்டரி தாண்டியாச்சு, அதே எடமா இதுனு ஆச்சரியமா இருந்துச்சு, நாய் மட்டும்தான் கொலைச்சுது. ஏழு மணிக்கு ஹோஸ்கோட்டேல இட்லி. எதிர்ல வண்டி வர்ற மாதிரி வலது ஓரமா நடங்க, முதுகுல ஒளிரற ஸ்டிக்கர் ஒட்டிக்கோங்க, தலைக்கு ஒரு டார்ச்.

கெளம்பற கெழமையையும் பாருங்க. சனிக்கிழமை ராத்திரி கெளம்பினா ஞாயிறு விடியகாலைல ஊர்ல பாதிப்பேர் ஹோஸ்கோட்டே தம் பிரியாணிக்கு கார்ல பறப்பாங்க, நாலு மணிக்கே க்யூ நிக்கற கடைங்க அது. புரட்டாசி விரதத்துல அந்த வாசனையைத் தாண்டி நடக்கறது தனி சோதனை, அதைவிட பெரிய சோதனை தூக்கக் கலக்கத்துல வர்ற அந்தக் காருங்க. வியாழக்கிழமை ராத்திரி நல்லது. ஹோஸ்கோட்டே தாண்டி புது சென்னை எக்ஸ்பிரஸ்வே போர்டு பாத்து அதுல ஏறிடாதீங்க, அது நடக்கிறவங்களுக்கு இல்ல, பழைய கோலார் ரோடுதான் நமக்கு.

இந்த வருஷம் சித்தியும் வர்றாங்க, முட்டி வலி. நானும் மச்சானும் ஒன்றரைக்கு கெளம்பறோம், சித்தி மொத மெட்ரோ புடிச்சு கே.ஆர்.புரத்துல எறங்கி பஸ்ல ஹோஸ்கோட்டே வந்துடுவாங்க, இட்லிப் பாத்திரமும் அவங்க கையிலதான்.