ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனம்: எங்கள் 185,000 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மட்டக்களப்பு டவுனில் தண்ணீர் மோட்டர், புல்லு வெட்டும் மிசின், ஜெனரேட்டர் எல்லாம் விற்கும் கடை ஒன்றில் 185,000 ரூபாயைக் கொட்டிக் கொடுத்து வாங்கிய சாமான், களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சும்மா கிடக்கிறது.

மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல ஏலாது. அம்மாவின் இன்சுலின் பிரிட்ஜில். கிணற்றுத் தண்ணீரை ஏற்ற 1 எச்.பி. மோட்டர். அதோடு நாலு லைட், இரண்டு பேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். கடையில் நின்றவர் அதை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். "மோட்டர் ஸ்டார்ட் ஆகேக்க மூணு மடங்குக்கு மேல இழுக்கும் அண்ணன், சின்னது தாங்காது" என்றார். அது உண்மைதான். டீ எடுப்பித்துத் தந்தார். அம்மாவுக்கு எவ்வளவு காலமாகச் சீனி வருத்தம் என்று விசாரித்தார். இப்படி ஒரு ஆளை யார் சந்தேகப்படுவது? "இது 8500, வீடு முழுக்கப் போடலாம்" என்று டாங்கியில் பெரிதாக ஒட்டியிருந்த நம்பரைத் தட்டிக் காட்டினார்.

அந்த 8500 வாட் இல்லை, மொடல் நம்பர்! கரண்ட் போன இரவு மோட்டரைப் போட்டதும் எஞ்சின் முக்கியது, லைட் எல்லாம் மங்கியது, பிரேக்கர் விழுந்தது. ஊர் எலக்ட்ரீசியன் தம்பி வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். பின்பக்கம், கிறீஸ் அப்பிய சின்னத் தகட்டில் இருந்தது விஷயம்: ரேட்டட், அதாவது தொடர்ந்து தரக்கூடியது, 2.8 கிலோவாட்; மேக்சிமம், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தாங்குவது, 3.1.

கடைக்குப் போன் எடுத்தால் அதே ஆள்தான், 'அண்ணன்' மட்டும் இல்லை. "நீங்க லோட் கூடப் போட்டுட்டீங்க." தாளில் எழுதித் தந்தேனே? "எந்தத் தாள்?" நேரில் போனால் முதலாளி கொழும்பில். டெக்னீசியன் கல்முனையில் நிற்கிறாராம், திரும்பும் வழியில் பார்ப்பாராம். கல்முனையிலிருந்து டவுனுக்குப் போகிறவர் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும், இன்றுவரை ஆளைக் காணோம். தகட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்தார்கள், பதில் இல்லை. கடைசியில், "வாரண்டி எஞ்சினுக்கு மட்டும். எஞ்சின் ஓடுதுதானே?"

ஓம், 185,000 ரூபாய்க்கு நன்றாக ஓடுகிறது.

எந்த வீட்டுக்கு எந்த அளவு என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. ஸ்டிக்கரை விட்டுத் தகட்டைப் பாருங்கள், அதிலும் மேக்சிமம் இல்லை, ரேட்டட். கே.வி.ஏ. கணக்குச் சொன்னால் பெரும்பாலும் 0.8ஆல் பெருக்க வேண்டும், 5 கே.வி.ஏ. என்றால் 4 கிலோவாட்தான். மோட்டரைக் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரேட்டட் எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள், எங்கள் பில்லில் 'ஜெனரேட்டர் 1' என்று மட்டும்தான் இருக்கிறது. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ரோட்டு லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேரவிடாத சுவிட்ச்) இல்லாமல் வீட்டு வயரிங்கில் கொடுக்கவே வேண்டாம், கரண்ட் திரும்பி வெளியே போய் லைனில் ஏறி நிற்கிற ஆளுக்கு அடிக்கும். வீட்டுக்குள்ளே ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற போன் நம்பரில் முறைப்பாடு சொல்லியாயிற்று. அது முடியும்வரை கடையின் பெயரைக் கேட்காதீர்கள்.