பெர்சன் கவுண்டியில் ஏழு ஆண்டுகள்: முன்பணமில்லா வீட்டுக்கடனும் கிணற்றுத் தண்ணீரும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வர்ஜீனியா எல்லையை ஒட்டிய பெர்சன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) 2018 நவம்பரில் வீடு வாங்கினோம். எனக்கு வேலை டர்ஹாமில்; கவுண்டித் தலைநகரான ராக்ஸ்பரோவிலிருந்து 501ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே ஏறத்தாழ 30 மைல். கேரி, மாரிஸ்வில் பக்கம் நம்மவர்கள் வாங்கும் வீடுகளுக்குக் கட்ட எங்களிடம் முன்பணம் இல்லை என்பதே இங்கு வந்ததன் காரணம். காட்டின் அமைதியை நாடி வந்தோம் என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட கதை.

நாங்கள் எடுத்தது மத்திய வேளாண்மைத் துறை உத்தரவாதம் தரும் ஊரக வீட்டுக்கடன். பணம் தருவது வங்கி. கடன் திரும்பாவிட்டால் 90 விழுக்காடு வரை துறை பொறுப்பேற்கும். அதனால்தான் ஒரு டாலர்கூட முன்பணம் கேட்காமல், 30 ஆண்டுகளுக்கு மாறாத வட்டியில் கொடுக்கிறார்கள். துறையின் பெயரைக் கேட்டுப் பண்ணை வாங்கினீர்களா என்று விசாரித்த உறவினர்கள் உண்டு. உண்மையில் வருமானம் தரும் பண்ணைக்கு இந்தக் கடன் கிடையாது. நாமே குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 8,000 பேர் வாழும் ராக்ஸ்பரோ போன்ற சிற்றூர்களும் ஊரகக் கணக்கில் வருகின்றன.

தகுதியில் நம் குடும்பங்களுக்கு இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது, எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. நாங்கள் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தோம். இரண்டாவது வருமான வரம்பு. அது வட்டார இடைநிலை வருமானத்தின் (குடும்பங்களில் பாதி அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் தொகை) 115 விழுக்காடு. கடனில் கையெழுத்திடுபவரின் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வீட்டில் வாழப்போகும் வயது வந்தோர் அனைவரின் வருமானத்தையும் கூட்டுவார்கள். எங்களுடன் தங்கியிருந்த மைத்துனரின் சம்பளமும் சேர்ந்ததால் வரம்பைத் தாண்டினோம். அவர் திருமணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகுதான் விண்ணப்பிக்க முடிந்தது. கூட்டுக் குடும்பமாக வாழ நினைப்பவர்கள் வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

இலவசம் என்றும் இதைச் சொல்ல முடியாது. கடன்தொகையில் 1 விழுக்காடு உத்தரவாதக் கட்டணம் உண்டு. அதைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் மீதித் தொகையில் ஆண்டுக்கு 0.35 விழுக்காடு. 2,00,000 டாலர் கடனுக்கு முதல் ஆண்டில் சுமார் 700 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கடனில், முன்பணம் குறைவாகக் கட்டியவர்களிடம் வாங்கும் அடமானக் காப்பீட்டுக் கட்டணம் வீட்டில் நம் பங்கு வளர்ந்ததும் நின்றுவிடும். இந்த ஆண்டுக் கட்டணமோ கடன் தீரும்வரை தொடரும். வங்கி ஒப்புக்கொண்ட பிறகு கோப்பு துறையின் அலுவலகத்துக்கும் போய்வர வேண்டும் என்பதால் நாள் கூடுதலாகப் பிடிக்கும். நாங்கள் பதிவு முடித்த அடுத்த மாதமே, டிசம்பர் 22இல், மத்திய அரசின் பணிகள் பகுதியளவு முடங்கி 35 நாள் நீடித்தன. எங்கள் கோப்பு தப்பியது நல்ல நேரம்தான்.

அப்போது எங்களுக்கு எரிச்சலூட்டியவை வீட்டின் மீதான நிபந்தனைகள். ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர் பரிசோதனையில் தேற வேண்டும், செப்டிக் டேங்க் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று காகிதம் மேல் காகிதம் கேட்டார்கள். இங்கே குடியேறிய பிறகுதான், வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டையும் சுற்றியே நடக்கிறது என்பது புரிந்தது. மின்சாரம் போனால் விளக்கோடு தண்ணீரும் போய்விடும், ஏனென்றால் கிணற்று மோட்டாரும் நின்றுவிடுகிறது. பனிமழையில் மரக்கிளை முறிந்து கம்பி அறுந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு நாள் வாளித் தண்ணீரில் கழித்தோம். அடுத்த மாதமே ஜெனரேட்டர் வாங்கினோம். செப்டிக் டேங்கை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய ஆள் அழைக்க வேண்டும். சாம்பார் தாளித்த எண்ணெயைச் சமையலறைக் கழுவுதொட்டியில் கொட்டும் பழக்கத்தை என் மனைவிதான் முதலில் விட்டார். நான் திட்டு வாங்கிய பிறகு விட்டேன்.

மற்றபடி ராக்ஸ்பரோவில் மருத்துவமனை, கடைகள், சமுதாயக் கல்லூரி எல்லாம் உண்டு. ஹைகோ ஏரியில் மாலை நடக்கலாம். இட்லி அரிசிக்கும் கோயிலுக்கும் மாரிஸ்வில், கேரி போய்வந்தால் ஒரு சனிக்கிழமை காலி. அந்தி நேரத்தில் சாலையில் மான் குறுக்கிடும் என்பதால் பள்ளி நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

2021 தொடக்கத்தில் வட்டி 3 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தது. வீட்டின் மதிப்பும் ஏறியிருந்ததால் சாதாரணக் கடனுக்கு மாறினோம், ஆண்டுக் கட்டணம் ஒழிந்தது. புதிய வங்கி கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் அந்த ஆண்டு முதல், ஒவ்வொரு வசந்தத்திலும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.